பெரிய டின் மேப்பிள் பாகு

அன்புள்ள அம்மாவுக்கு,

மேப்பிள் மரச்சாறு காய்ச்சும் அடுப்பருகே நின்று நின்று முழங்கால் வலி கூடியிருக்குமே, தைலம் தேய்க்கிறாயா? வடக்கே இந்தச் சுரங்கத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நீ அனுப்பிய பாகு டின்னைத் திறந்து அலமாரியிலேயே வைத்திருந்தேன். மேலே பூஞ்சை படர்ந்துவிட்டது. கொட்டப் போனபோது சமையற்கார ஒடெத் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த ஊர்க்காரன்டா நீ? திறந்த பாகைக் குளிர்ல வைக்கணும்னு உங்கம்மா சொல்லலையா?”

பூஞ்சையை வழித்தெறிந்து, பாகை நன்றாகக் கொதிக்கவிட்டு, வெளியே பனியின்மேல் கோடுகோடாக ஊற்றினார். மிட்டாயாக இறுகியதும் குச்சியில் சுருட்டித் தின்னப் பதினோரு பேர் வந்துவிட்டார்கள்.

“காய்ச்சினது யாருப்பா? என்னா பதம்!” என்றார் ஒருவர்.

உன் பெயரைச் சொன்னேன்.

இனிமேல் சின்ன டின் போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், பெரியதையே அனுப்பு. தனியாகத் தின்றதால்தான் அதற்குப் பூஞ்சை பிடிக்க நேரம் கிடைத்தது.

வேலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் கேத்தான்