கேட்டைச் சாத்தினானா, திறந்து போட்டானா

இல்லடி டல்சி, நான் பாடுறதுதான் சரி. அந்தப் பாட்டுல வீட்டை விட்டுப் போறவன் கேட்டைச் சாத்திட்டுத்தான் போறான். குவீன்ஸ்லாந்துல ஆடு வளர்க்கிறவன் எவன்டி கேட்டைத் திறந்து போடுவான்? உன் முட்டி வலி தேவலையா?

நேத்து ரேடியோவுல அதே பாட்டு. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பயலுவ அத்தனை பேரும் மெஷினை நிறுத்திட்டுக் கேட்டானுங்க. நான் சமையல்காரன், வெங்காயத்து மேல பழியைப் போட்டுட்டேன். நல்லாக் காது குடுத்துக் கேட்டா, அவன் திறந்துதான் போட்டிருக்கான், திரும்பி வரணும்னு.

கம்பளிக் காலுறை அனுப்பு. இந்த வயசுல மறுபடி வேலைக்குப் போனா கேட்டைப் பூட்டிடுவேன்னு சொன்னியே, பூட்டாதடி. ஆடு போனாப் போகட்டும், கேட்டைத் திறந்தே வை. இந்தக் கடுதாசிக்குக் காத்திருந்த தபால்காரன் கெவின் அலுத்து நடையைக் கட்டுறான், ஓடிப்போய்க் குடுக்கணும், அதனால