சாய்த்து வைத்த வாளிகள்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை உங்கள் ஜினியாச் செடிகளைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுகூடச் சரியில்லை. தொட்டதும் தண்டு கையோடு வந்துவிட்டது; வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. கழுவ மறந்த சோற்றுப் பானையில் வருமே, அப்படி ஒரு புளித்த வாடை. சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பங்குனியில் நீங்கள் விதை போட்டீர்கள். முளைத்ததைப் பார்த்தீர்கள், பூத்ததைப் பார்க்க நீங்கள் இல்லை. உங்கள் மகன் வீட்டைக் காலி செய்தபோது, "லாரியில எடமில்லீங்க டீச்சர், அம்மாவோட வாளியெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க" என்றான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம், செடியோடு இருந்த பெயிண்ட் வாளிகளை என் வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

நீங்கள் செய்வதை இந்த மலையில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மேகம் இறங்கினால், மண் கொட்டாமல் வாளியின் வாயில் தேங்காய் நாரை அடைத்து, மழைத் தண்ணீர் தேங்காதபடி ஒவ்வொன்றாகத் தரையில் சாய்த்துவிடுவீர்கள். காலையில் நிமிர்த்துவீர்கள். வேலை முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"பிள்ளைங்களப் படுக்க வெச்சாச்சுங்க டீச்சர்."

"போத்தி விட்டீங்களா?" என்பேன். ஒன்றாம் வகுப்பிலேயே காலம் தள்ளியவருக்கு எதைப் பார்த்தாலும் பிள்ளைதான் என்று கேலி செய்வேன். எட்டாம் வகுப்பு எடுத்தவர்கள் மட்டும் என்ன கலெக்டரா என்று திருப்பிக் கொடுப்பீர்கள்.

நானும் அப்படியே சாய்த்து வைத்தேன். ஆனால் இந்த வருடம் ஆடியில் பிடித்த மழை பகலிலும் விடவில்லை. நாள் கணக்கில் படுத்தே கிடந்த செடிகள், வெளிச்சம் தேடி, முழங்கையை மடக்கியது போல மேலே வளைந்தன. ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் ஆசையாக நிமிர்த்தினேன். எல்லாம் பக்கவாட்டில் நின்றன. எழுத்தைத் திருப்பிப் போட்டுப் பழகிய பிள்ளையை அவசரப்பட்டுத் திருத்தினால் எழுதுவதையே விட்டுவிடும் என்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி மழை. அடித்தண்டு கறுத்தது. விதையாவது மிஞ்சுமா என்று பூக்களைக் கசக்கிப் பார்த்தேன், கூழாகத்தான் வந்தது. உங்கள் கை போட்டதில் இனி முளைக்க ஒன்றும் இல்லை.

வெறும் வாளியைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. புரட்டாசியானாலும் புது நாற்று வைத்துவிடுவீர்கள். பருவம் போய்விட்டது, இனிப் பூக்காது என்று வருடா வருடம் நான் சொல்வேன். "பூக்காட்டிப் போகுதுங்க. எடத்த வெறுமனே போட மனசு கேக்கமாட்டேங்குது" என்பீர்கள். பெரும்பாலும் நான் சொன்னதுதான் நடக்கும். மார்கழிப் பனியில் மொட்டோடு கருகிவிடும். அப்போது ஜெயித்ததில் எனக்கு இன்று ஒரு சந்தோஷமும் இல்லை.

சோளக்காட்டுச் சந்தையில் செண்டுமல்லி நாற்று வாங்கினேன். பூக்குமா என்று விற்கிறவரிடம் கேட்டேன். "இந்த மழைக்கு நிக்கறதே சந்தேகமுங்க. ஆசைக்கு வெய்ங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய மண்ணைக் கொட்டினேன். நீங்கள் சாணமும் இலைமக்கும் பிசைந்து வைத்த மண். அழுகல் பிடித்தது, வைத்திருந்தால் நாற்றும் போய்விடும் என்று தெரியும். தெரிந்தும் கடைசி வாளியைக் கவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு புது மண் போட்டு நட்டேன்.

மதியமே மேகம் இறங்கிவிட்டது. நாற்றுகள் இப்போதே தலை தொங்கிக் கிடக்கின்றன. இவை பூக்கும் என்று நான் நம்பவில்லை, டீச்சர். நாரை அடைத்து, ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டு, சுவரைப் பார்த்து, "படுக்க வெச்சாச்சுங்க" என்றேன். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுத் தகரத்தில் மழை விழும் சத்தம்தான் கேட்டது.

செடி தேறாது. ஆனால் சுவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லாமல் சாயங்காலம் கதவைச் சாத்த எனக்கு வராது.