கரையும் பஞ்சு

ஸதார்,
புதன்கிழமை

அன்புள்ள தம்பி ஷிமேவுக்கு,

அக்கா யாகொடா எழுதுவது. இங்கே தாயும் மகளும் நலம். தொலைபேசியில் இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்ததில் உனக்குக் கோபம் இருக்கும். நடுக்கடலில் இருப்பவனிடம் வேறென்ன சொல்வது? இப்போது முழுவதும் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பிரசவம் முடிந்தும் தொன்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்ற ஏற்றப் போய்க்கொண்டே இருந்தது. மகப்பேறு டாக்டர் கெர்ஷெவான் என்னைக் கூப்பிட்டு, "கர்ப்பப்பையை எடுத்துடறேன் யாகொடா. உசுரு இருந்தாப் போதும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இவளுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும். எடுக்க விட்டுடாதீங்க" என்றாள். என் சமையலைக் குறை சொல்லாமல் ஒரு ஞாயிறும் விடாதவள், அன்றுதான் முதன்முதலாக என்னிடம் ஒன்றைக் கேட்டாள்.

"ஒரு தடவை முயற்சி பண்றேன் சார்" என்றேன். "பண்ணு. நான் கையுறையைக் கழட்டாம வாசல்லயே நிப்பேன்" என்றார். நின்றார்.

குழாய் அடைக்கிறவள் என்று என் வேலையைக் கேலி செய்வாயே, அதைத்தான் செய்தேன். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் போகும் தமனிகளைப் பிடித்துவிட்டேன். எதைக்கொண்டு அடைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பசை இறுகினால் இறுகியதுதான். கம்பிச் சுருள் தமனியின் வாயையே மூடிவிடும். மறுபடி கசிந்தால் நானே உள்ளே போக முடியாது. நுண்மணிகள் ஆழத்துக்குப் போய்க் கர்ப்பப்பையைப் பட்டினி போட்டுவிடலாம். நான் ஜெலட்டின் பஞ்சைக் கேட்டேன். சில வாரங்களில், காயம் ஆறிய பிறகு, தானே கரைந்து ரத்தத்துக்கு வழிவிடும்.

இடப்பக்கம் உடனே நின்றது. வலப்பக்கம் நிற்கவில்லை. வாசலிலிருந்து, "போதும்மா, விடு" என்று கெர்ஷெவானின் குரல் வந்தது. நர்ஸ் ஸோர்க்கா கேட்காமலே கம்பிச் சுருளை நீட்டினாள். வாங்கக் கையை நீட்டிவிட்டேன், ஷிமே. அப்புறம்தான் எக்ஸ்ரே திரையில் பார்த்தேன். அவசரத்தில் பஞ்சைப் பெரிய துண்டுகளாக வெட்டியிருந்தேன். அவை அகலமான கிளைகளில் தங்கிவிட்டன. கசியும் மெல்லிய கிளைக்குள் நுழையவே இல்லை.

சுருளைத் தள்ளிவைத்தேன். புதுப் பஞ்சைச் சிறிதாக நறுக்கி, இரண்டு ஊசிக்குழல்களுக்கு இடையே முன்னும் பின்னும் தள்ளிக் கூழாக்கினேன். ரொம்பப் பொடியானாலும் ஆபத்து என்பதால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மெதுவாக உள்ளே விட்டேன். திரையில் கசிவு மங்கி, மங்கி, இல்லாமலே போனது. "விழுந்த பிரஷர் ஏறுதுங்க டாக்டர்" என்றாள் ஸோர்க்கா. கெர்ஷெவான் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன், தம்பி. அடக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

நேற்று அம்மா கொண்டுவந்த கோழி சூப்பைக் குடித்துவிட்டு, உப்பு குறைவு என்றாள் தொன்கா. கேட்டதும் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அப்பன் ஆனவனின் சட்டையைக் கிழிப்பது நம் ஊர் வழக்கமாயிற்றே, அதற்காக உன் நண்பர்கள் வந்து நின்றார்கள். நீ இல்லாததால் நம் அப்பாவின் சட்டையில் கை வைக்கப் போனார்கள், நான் விரட்டினேன். அது உன் சட்டையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பஞ்சு கரைவதற்குள் எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு வா. பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு இறங்கு. முதலில் கிழிப்பவள் நான்தான்.

நீங்கள் மூவரும் நால்வராகி, நூறாண்டு வாழ வேண்டும்.

அன்புடன்,
குழாய் அடைக்கும் உன் அக்கா,
யாகொடா