எல்லைக் கல்லைத் தாண்டியவன்

காலாமா,
செவ்வாய் காலை

என் பிடிவாதக்காரிக்கு,

இனி ஹைமேயின் முகத்திலேயே விழிக்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அவனோடு இங்கே அவதிப்படுவது நான்தானே!

உன்னைப் பெண் கேட்க வந்த அவனை வெந்நீர் ஊற்றுகளைக் காட்ட தாத்தியோவுக்கு அழைத்துப்போனது உன் அப்பா. முப்பது வருஷமாக அங்கே காவல் நிற்கிற மனிதர். எல்லைக் கற்களைத் தாண்டாதே என்று இரண்டு தடவை சொன்னார். ஊற்று பீறிட்டதும் சந்தியாகோ நகரத்து மாப்பிள்ளை படமெடுக்கத் தாண்டிவிட்டான்.

"டேய், அங்க தரை வெறும் மேலோடுடா, அடியில கொதிக்குது! திரும்பி வா!" என்று கத்திக்கொண்டே ஓடி இவர் அவனை வெளியே தள்ளினார். ஓடு உடைந்து இவர் கால்தான் கொதிநீரில் இறங்கியது.

பன்னிரண்டு நாளாக அவன் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. "ஊருக்குப் போய்த் தொலையேம்பா" என்றால், "மாமா நடக்கட்டும் அத்தை, போறேன்" என்கிறான். திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறான். திட்டி முடித்ததும், "சாப்டீங்களா அத்தை?" என்கிறான். இவனை எப்படித்தான் வெறுப்பது? கட்டுப் பிரிக்கும்போது வலியில் உன் அப்பா அவன் கையைத்தான் நசுக்குகிறார். "அவ வரலைன்னா என்ன, இவன் இருக்கான்ல" என்றார் நேற்று.

இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டுமாம். அதை உன் அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹைமேதான் சொன்னான், அழுதுகொண்டே.

வியாழக்கிழமை ஆபரேஷன். அவனை விரட்ட வேண்டுமென்றால் நீயே வந்து விரட்டு. என்னால் முடியவில்லை.

அவனுக்கும் சேர்த்துச் சமைத்துச் சலித்துப்போன
உன் அம்மா