ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த உனக்கு

இன்று காலை வண்ணார்பேட்டை சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பைக், பச்சை விழுந்ததும் விக்கி விக்கி நகர்ந்தது. எரியாத பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. 'மிஸ்ஸிங்' என்று உன் பட்டறைப் பேச்சு வாயில் தானாக வந்தது. உடனே உன்னைக் கூப்பிட, கை போனைத் தேடியது. நீ நெஞ்சுவலியில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. கைக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வண்டிக்கும் இதே விக்கல் வந்தது. ஒரு நேரம் நன்றாக ஓடும், ஒரு நேரம் திக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஆயிற்றே, உன் பட்டறையை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? நீ பிளக்கை மாற்றினாய், பிளக் மூடியை மாற்றினாய், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாய். நீ ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக ஓடியது. மூன்று முறை எடுத்துப் போய், மூன்று முறையும் திரும்பி வந்தேன். எப்போது திக்குகிறது என்று நீ கேட்கும்போதெல்லாம், சில நேரம் என்றே மழுப்பினேன்.

உண்மையில் எப்போது என்று எனக்குத் தெரியும். என் மனைவி பின்னால் ஏறினால் மட்டும்தான் திக்கியது. தினமும் அவளைப் பாளையங்கோட்டையில் அவள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவேன். எங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி திக்க ஆரம்பிக்கும். வாசலில் நின்று பார்த்த அம்மா ஒரு நாள் சொல்லிவிட்டாள்: "இவ ஏறுனாலே வண்டி நிக்குதே. என்ன ராசியோ." மறுநாளிலிருந்து என் மனைவி டவுன் பஸ்ஸில் போனாள். பஸ்தான் வசதி என்றாள். சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலை நிமிர்வதில்லை. இதை உன்னிடம் சொன்னால் அம்மாவின் பேச்சை நானும் நம்புகிற மாதிரி ஆகிவிடுமே என்று மறைத்தேன்.

நான்காம் முறை நீ ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாய். சொல்லிவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

"கூறுகெட்டவனே, இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதால?" என்றாய். பிறகு குரலை இறக்கி, "தங்கச்சி எப்படில உக்காரும்?" என்று கேட்டாய்.

சேலை கட்டுகிறவள், ஒருபக்கமாகத்தான் உட்காருவாள் என்றேன். நீ என்னை வண்டியை எடுக்கச் சொல்லி, கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு காலையும் இடதுபக்கம் தொங்கப்போட்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தாய். அந்த மீசையோடும் அந்த உடம்போடும்! எதிர்க்கடை டீ மாஸ்டர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ ஒருத்தரையும் சட்டை பண்ணவில்லை. முதல் வேகத்தடையில் வண்டி திக்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரங்கட்டப் போனேன், நீ விடவில்லை.

"நிறுத்தாத. நேரா ஒன் வீட்டுக்கு விடு."

வீடு வரைக்கும் விக்கிக்கொண்டே போனோம். அன்று என் மனைவிக்கு லீவு; ஜன்னலோரம் நின்றாள். அம்மா வாசலுக்கு வந்தாள். நீ குதித்து இறங்கி, "பெரியம்மா, என் ராசியும் சரியில்ல போலுக்கு. நான் ஏறுனாலும் நிக்குது" என்றாய்.

அங்கேயே சீட்டைக் கழற்றிக் காட்டினாய். சாவி சுவிட்சுக்குப் போகிற வயர், சீட்டுத் தகட்டின் இடது விளிம்பில் உரசி உரசி, உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. காலை இருபக்கமும் போட்டு உட்கார்ந்தால் பாரம் நடுவில் விழும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் தகடு இறங்கி வயரை அழுத்தும். பள்ளம் மேடு வந்தால் செம்பு பாடியில் பட்டு, பிளக்கில் பொறி நின்றுவிடும். கறுப்பு டேப்பைச் சுற்றி, வயரைத் தள்ளிக் கட்டினாய். ஐந்து நிமிட வேலை. அம்மா உள்ளே போனாள். மறுநாள் காலையில், வண்டியிலேயே போகலாமே என்று அவளிடம் அம்மாவேதான் சொன்னாள்.

இத்தனை வருஷமும் அதை அம்மாவின் மூடநம்பிக்கைக் கதையாகவே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். போன வாரம்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்: அந்த நாட்களில் நானும் கொஞ்சம் நம்பத்தான் செய்தேன் என்று. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். பட்டறை அண்ணனுக்கும் தெரியும். அத்தைக்குக் காட்டணும்னா சீட்டக் கழட்டிக் காட்டுனா போதாதா? அவ்வளவு தூரம் ஊரு சிரிக்க அப்படி உக்காந்து வந்தாவன்னா, அது ஒங்களுக்குக் காட்டத்தான்."

நீ ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே, இரண்டு பேரும் இத்தனை காலம் என்னை நல்லவனாகவே நடத்தியிருக்கிறீர்கள். அந்த வெட்கத்தையும் நன்றியையும் தனித்தனியாகப் பிரிக்க வழி தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன், மாப்ளே.