ஓடிபி கேட்டு வாங்கிய பென்ஷன்

இல்லை ஜெபா, நீ நேற்று சொன்னதுபோல நான் கணக்குத் தெரியாமல் கத்தவில்லை. இன்று காலை ஆபீஸில் கேட்டுவிட்டேன். நான் இருப்பது புது வரி முறையில். நாமாகப் பென்ஷன் கணக்கில் போடும் பணத்துக்கு அதில் விலக்கே கிடையாது. பழைய முறைக்கு மாறினால் என் சம்பளத்துக்கு வரி இன்னும் ஏறும். ஆக, நீ சொன்ன வரி மிச்சம் ஒரு பைசாகூட இல்லை.

மொழிபெயர்ப்பு நாவலில் மூழ்கிக் கிடந்த என்னிடம் "ஓடிபி சொல்லு" என்றாய். புருஷன்தானே கேட்கிறாய் என்று நிமிராமலே சொன்னேன். ஒரு வருஷம் வேலையை விட்டு ஸ்பானிஷ் படிக்க நான் வைத்திருந்த போனஸ் மொத்தமும் பென்ஷன் கணக்குக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. "அறுபது வயசுல என்னைக் கும்பிடுவடி" என்று சிரிப்பு வேறு.

வஞ்சிரம் கழுவி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. உனக்கு மட்டும் வறுத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

பெனிட்டா

பி.கு: சாயங்காலம் ஆடிட்டர் மதியழகன் சார் வருகிறார். இந்தப் பணத்தைப் பற்றிப் பேச நான்தான் கூப்பிட்டேன். சேலையூரிலிருந்து பைக்கில் வருவார், காபி போட்டுக் கொடு.

இன்னொன்று. "யாரைக் கேட்டு இதுல போட்டீங்க?" என்று அவர் கேட்பார். நான் பக்கத்தில் இருக்கும்போதே, "இவளைக் கேக்கல சார்" என்று உன் வாயால் சொல்வாயா?