அவன் கும்பிடு பாக்கி

பரமத்தி வேலூர்
மார்ச்சு 1979

சாமி தீர்த்தகிரிக்கு உன் அய்யன் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் இதை எழுதுகிற உன் தங்கை சின்னாயியும் உடம்புக்குச் சுகம், மற்றது கீழே வருகிறது. கல்கத்தாச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, போதகர் படிப்பு எப்படிப் போகிறது என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். போன கடிதத்தில் நீ எழுதின எபிரேயச் சொல்லை, 'கானா' என்று சின்னாயி வாசித்தாள், நான் மறக்கவில்லை. சண்டையில் தோற்றவனைக் கீழே அமுக்குவதற்கும் அந்தச் சொல்தான், ஆகாப் ராஜா தன்னைத் தானே தாழ்த்தினதற்கும் அந்தச் சொல்தான், அதைப் பார்த்து ஆண்டவர் தண்டனையைத் தள்ளி வைத்தார் என்று எழுதியிருந்தாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரமே பண்ணைக்காரர் நாச்சிமுத்துவின் வெற்றிலைத் தோட்டத்தில் கொடி இறக்கினோம். அகத்தி உச்சிக்குப் போன கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதிக்கிற வேலை நீயும் செய்ததுதான், வெயில் ஏறிக் கொடி துவண்ட பிறகுதான் தொட வேண்டும். வாய்க்காலை அடைக்கப் போகிறார்கள் என்று அவர் பனியிலேயே இறக்கச் சொன்னார், கொடி மளமளவென்று முறிந்தது. உன் அண்ணன் செல்லமுத்துவின் கைதான் விளங்காத கை என்று எல்லார் முன்னாலும் ஏசினார். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவசரப்படுத்துனது நீங்கதானுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான், அதையும் மரியாதையாகத்தான் சொன்னான்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அவன் பண்ணைக்காரர் காலில் விழ வேண்டும், இல்லையென்றால் நமக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடையாது, கிணற்றுத் தண்ணீரும் கிடையாது என்றார்கள். அவன் அசையாமல் நின்றான். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாக நெடுக விழுந்தேன். யாரும் தள்ளவில்லை, அந்த ராஜா மாதிரி நானாகத்தான் விழுந்தேன், இவரும் தண்டனையைத் தள்ளி வைப்பார் என்று நினைத்தேன். பண்ணைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எந்திரிடா அங்கமுத்து. உன்ற கும்பிடு உன்னோட. அவன் கும்பிடு பாக்கி நிக்குது" என்றார். கிழவன் நல்லாத்தான் விழுகறான், பழக்கமாட்டம் இருக்குது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். உன் கடிதத்தின் கடைசி வரி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, தள்ளி வைத்த தண்டனை ராஜாவின் மகன் தலையில் வந்தது என்று.

செல்லமுத்து என்னைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டான். "நான் இங்கிருந்தா உங்களைத் தெனமும் விழுக வெப்பாங்கய்யா" என்றான். மறுநாள் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறிப் போய்விட்டான், வடக்கே போர்க்கிணறு போடுகிறார்களாம். இப்போது அடைத்த வாய்க்காலில் தேங்கின தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். ஜெபத்தில் எல்லாரும் மண்டியிடும்போது எனக்கு முட்டி மடங்கவில்லை, உட்கார்ந்துகொள்கிறேன்.

அவன் உன்னைத் தேடி வருவான். சோறு போட்டு உன்னோடு வைத்துக்கொள், இங்கே அனுப்பாதே. நான் செத்ததாகத் தந்தி வந்தாலும் நீ மட்டும் வா. என் பாடையருகே அவனைப் பிடித்துப் பாக்கியைக் கேட்பார்கள். அந்த ராஜா கதையை அவனிடம் சொல்லாதே.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அவன் வந்து சேர்ந்தால் கார்டில் எழுதாதே, கார்டு பண்ணை வீட்டுக் கடைக்குத்தான் முதலில் போகிறது. ஒட்டி அனுப்புகிற இன்லண்டில் எழுது, அதிலும் பெயர் போடாமல், கேட்ட புத்தகம் கிடைத்தது என்று மட்டும் எழுது.

உன் அய்யன்
அங்கமுத்து, கைநாட்டு